ஒருத்தர் தொழுதிருந்தால் போதும்

ராஜபாளையத்தில் மெத்தைக்கடை அல்லா பிச்சையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். சீனா பாய் என்று சொன்னால் தெரியாதவர் கிடையாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பஞ்சு மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் அவருடைய கடை. அதை ஒட்டி என்னுடைய ரேடியோ ரிப்பேர் கடை. நடுவே வெறும் தட்டிதான். அவர் இலவம்பஞ்சை அடிக்க ஆரம்பித்தால் நான் பிரித்துப் போட்டிருக்கிற செட்டுகளுக்குள் எல்லாம் பஞ்சு போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காக நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. அவரும் சளைத்தவர் இல்லை, என் கடையிலிருந்து வருகிற கரகரப்பில் தூங்குகிற பஞ்சுகூட எழுந்துவிடும் என்பார்.

என் பேர் சமுத்திரம். பேர்தான் அப்படி. கன்னியாகுமரிக்கு ஒரு தடவை போய்வந்ததைத் தவிர கடலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாய்க்கு அதுகூடக் கிடையாது. மதுரையைத் தாண்டாத மனுஷன். அப்படிப்பட்டவருக்கு எப்படி சீனா பாய் என்று பேர் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "என்ன பாய், சீனாவுல மழையா?" என்று மில் ஷிப்டு விட்டுப் போகிற பையன்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். விஷயம் தெரிந்த யாரும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். பாய்க்கு ஒரே பையன், அய்யூப். ஃபிட்டர் படித்தவன். இங்கே மில்லில் கொஞ்ச நாள் இருந்தான், ஒத்துவரவில்லை. பம்பாய்க்குப் போனான். அங்கிருந்து யாரோ வெளிநாட்டுக்காரன் கப்பலில் இன்ஜின் ரூம் வேலைக்குப் போனான். கூட நம்ம ஊருக்குப் பக்கத்துத் தேவதானத்துப் பையன் ஒருவனும் அதே கப்பலில் இருக்கிறான், பேச்சுத்துணைக்குக் கவலையில்லை என்று எழுதியிருந்தான். ஊருக்கு வந்தால் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பான். சால்டரிங் அயனை என்னைவிட ஒழுங்காகப் பிடிப்பான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

எண்பத்தாறாம் வருஷம் ஆவணி கடைசியில் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் பாய் அதை என்னிடம் நீட்டினார். அதைத் தமிழில் சொல்லவேண்டிய பாவம் என் தலையில் விழுந்தது. அய்யூப் வயிற்றில் குடல்வால் வெடித்து, சீனாவில் சுவான்சோ என்கிற துறைமுகத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது. கப்பல் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான் தந்தி. நான் சொல்லி முடித்த பிறகும் பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி.

அவர் சம்சாரம் ரஹ்மத்துன்னிசா அழுது ஓய்ந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எம்பிள்ளைக்கு அங்க யாராச்சும் தொழுதாகளா?"

எனக்குச் சாமி, சடங்கு எல்லாம் அத்தனை ஒட்டாது. என்றாலும் அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகு புரிந்தது. அவர்களில் ஒருவர் இறந்துபோனால் அடக்கத்துக்கு முன்னால் ஜனாஸா தொழுகை என்று ஒன்று தொழவேண்டும். அது அந்த ஊர்க்காரர்கள் எல்லோர்மேலும் விழுகிற கடமை. ஒரே ஒருத்தர் தொழுதுவிட்டாலும் எல்லோருடைய கடமையும் தீர்ந்துபோகும். ஒருத்தரும் தொழாவிட்டால் அத்தனை பேர்மேலும் குற்றம். பாய் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் இங்கேயாவது தொழுகை வைக்கச் சொல்லிக் கேட்டார். உடல் எதிரே இல்லாமல் தொழுவதற்கு அவர்கள் முறையில் இடமில்லை என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியதாம்.

"காயல்பட்டினத்துப் பக்கம் போனீங்கன்னா அவிய மத்ஹபு, அதான் சட்டமுறை, வேற. தூரத்து மய்யித்துக்கும் அவிய தொழுவாக. போயிட்டு வாங்க பாய்."

பாய் போகவில்லை. "அங்க யாரும் தொழலன்னு நானே முடிவு கட்டவா? சீனாவுல முஸ்லிம் இல்லாமலா போயிட்டான்? ஒருத்தன், ஒரே ஒருத்தன் இருந்தாப் போதும்" என்று என்னிடம் கத்தினார். நானா அவரைப் போகச் சொன்னேன்? இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அந்த ஒருத்தனைத் தேடித்தான் அல்லா பிச்சை பாய் சீனா பாய் ஆனார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி நூலகத்தில் போய் உட்காருவார். மடவார் வளாகத்தில் குடியிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து அவருக்கு அர்த்தம் சொல்வார். திரும்பி வரும்போது ரஹ்மத்துன்னிசாவுக்குப் பால்கோவாவும், எனக்குச் சுவான்சோவைப் பற்றி ஒரு கதையும் வாங்கிக்கொண்டு வருவார். சாயங்காலமானால் என் கடையில் சிற்றலையில் சீன வானொலியின் தமிழ் நிகழ்ச்சி வைத்தாக வேண்டும். சீனப் பெண்ணொருத்தி நம்மைவிடச் சுத்தமான தமிழில் வணக்கம் சொல்வாள். பாய் கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷர் வீட்டுக்குப் போனமாதிரி உட்கார்ந்திருப்பார். சுவான்சோவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் இரண்டு வருஷம் அவருக்குச் சந்தோஷமான செய்தியாகவே வந்தது. சந்தோஷம் என்று சொல்லக்கூடாது, தெம்பு என்று சொல்லலாம்.

"சமுத்திரம், கேட்டியா? அந்தக் காலத்துல உலகத்திலேயே பெரிய துறைமுகங்கள்ல அது ஒண்ணாம்யா. அரபுக்காரவுக ஜைத்தூன்னு பேரு வெச்சிருக்காக. ஊரைச் சுத்தி முள்முருங்கை மரம். நம்ம கொடிக்கால் வேலியில நிக்குதுல்ல, செவப்பாப் பூக்குமே, அதேதான். அந்த மரத்துப் பேருதான் ஊருக்கே பேரு."

இன்னொரு நாள், "ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பள்ளிவாசல் இருக்காம். மலைமேல ரெண்டு அவுலியாக்க, பெரிய மகான்க, அடங்கியிருக்காக. ஊரு பூரா கபருக்குத் தலைமாட்டுல நடுற, அரபி எழுதுன மீசான் கல்லுதானாம்" என்றார். எனக்கும் பங்கு கொடுக்காமல் விடமாட்டார். "ஒங்க ஆளுகளும் லேசுப்பட்டவுக இல்ல. தமிழ் யாவாரிக அங்க போயி சிவன் கோயில் கெட்டி, தமிழ்லயே கல்லுல வெட்டி வெச்சிருக்காக" என்று ஏதோ நான் போய்க் கட்டிவிட்டு வந்த மாதிரி தட்டிக்கொடுத்தார். சம்பந்தி ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பட்டும் மிளகும் பீங்கானும் வந்து இறங்குகிற ஊர், பத்துப் பாஷை பேசுகிற கடைத்தெரு, கப்பல்காரன் செத்தால் அவனவன் முறைப்படி அடக்கம் பண்ண இடம் ஒதுக்கியிருந்த ஊர். இப்படிப்பட்ட ஊரில் என் பிள்ளைக்குத் தொழ ஒருத்தன் இல்லாமலா போவான் என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டிக்கொள்வார்.

பிறகு வாத்தியார் அடுத்த புத்தகத்தை எடுத்தார். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

அந்த ஊரில் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் பாரசீகச் சிப்பாய்கள் கலகம் பண்ணி ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து வருஷம் வெட்டும் குத்தும். கலகத்தை அடக்கியவர்கள் வெளிநாட்டுக்காரன் என்று கண்டவனையெல்லாம் கொன்றார்கள். மூக்கு எடுப்பாக இருந்த குற்றத்துக்காக உள்ளூர்க்காரர்கள்கூடச் செத்தார்கள். தப்பித்தவர்கள் கடலோரக் கிராமங்களில் பதுங்கினார்கள், பேரை மாற்றினார்கள். பேரன் காலத்தில் தொழுகை மறந்தது, அவன் பேரன் காலத்தில் ஏன் மறந்தோம் என்பதும் மறந்தது. பின்னால் வந்த ராஜாக்கள் கடல் வியாபாரத்தையே தடுத்தார்கள். ஆற்றில் மண் அடித்துத் துறைமுகம் தூர்ந்தது. பிழைப்புத் தேடி ஊர்க்காரர்கள் மலேயா, பிலிப்பைன்ஸ் என்று கப்பல் ஏறினார்கள். பள்ளிவாசலின் கூரை பூகம்பத்தில் விழுந்தது, திரும்பக் கட்டவே இல்லை. சிவன் கோயில் கல்லெல்லாம் மதிலுக்கும் பாலத்துக்கும் போயிற்று. அதில் ஒரு சிவன் சிலையை ஒரு கிராமத்தார் தங்கள் பெண்தெய்வம் என்று நினைத்துக்கொண்டு ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுகிறார்கள்.

இதைச் சொன்ன அன்றைக்கு பாய் பால்கோவா வாங்கி வரவில்லை.

"மேல கூரை இல்லையாம் சமுத்திரம். சுவரு மட்டும் நிக்குதாம். மழை பேஞ்சா உள்ளதான் பெய்யும்."

"சுவரு நிக்குதில்ல பாய்? ஊரே மறந்தாலும் எவனாச்சும் ஒருத்தன் மறக்காம இருப்பான்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்கென்ன தெரியும்? ஆனால் அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வானொலியில் அந்தப் பள்ளிவாசல் இன்றும் பாதுகாக்கப்படுகிறது என்று ஒரு நாள் சொன்னார்கள். பாதுகாக்கிறார்கள் சரி, தொழுகிறார்களா என்று பாய் ரேடியோவைப் பார்த்துக் கேட்டார்.

தொண்ணூற்றொன்றில் ரஹ்மத்துன்னிசா போய்ச் சேர்ந்தார். கடைசிவரைக்கும் அந்தக் கேள்வியை விடவில்லை. மூச்சு வாங்குகிற நேரத்தில்கூட, "என்னங்க, சேதி எதுவும் வந்துச்சா?" என்றுதான் கேட்டாராம். பாய் பொய் சொல்லத் தெரியாத ஆள். இல்லை என்றுவிட்டார்.

நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஓரமாக நின்று அந்தத் தொழுகையை முதல்தடவையாகப் பார்த்தேன். உடல் வைத்த சந்தூக்கை முன்னால் வைத்து வரிசையாக நின்றார்கள். அப்படியே நின்றார்கள். தினசரித் தொழுகை மாதிரி குனியவும் இல்லை, நெற்றியைத் தரையில் வைக்கவும் இல்லை. நின்றபடியே முடித்துவிட்டார்கள். பிறகொரு நாள் பாயிடம் கேட்டேன்.

"முன்னால மய்யித்து இருக்குல்லய்யா. நெத்தி அல்லாவுக்கு மட்டுந்தான். அதனால இந்தத் தொழுகைக்குக் குனியுறது, நெத்தியைத் தரையில வெக்கிற சுஜூது எதுவும் கெடையாது. நின்னே முடிச்சிரணும்." பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, "அவளுக்கு எம்புட்டுப் பேரு நின்னாக பாத்தியா? அவனுக்கு ஒருத்தன் நின்னுருப்பானா?" என்றார்.

அதற்குமேல் அவரை நான் திட்டுவதை விட்டுவிட்டேன். பஞ்சு வந்து விழுந்தால் விழட்டும்.

தொண்ணூற்றாறு தை மாதம் என்று நினைக்கிறேன். கறுத்து, காய்ந்து, முன்தலை வழுக்கை விழுந்த ஆள் ஒருவர் தெருவில் போவதும் வருவதுமாக இருந்தார். என் கடைக்கு வந்து, இது அய்யூப் அத்தா கடைதானா என்று கேட்டார். தேவதானம் பொன்னுராஜ். அய்யூப் எழுதியிருந்த அதே பையன். கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து வயல் பார்க்கிறானாம்.

"இத்தனை வருஷம் எங்கடா போன?" என்று நான் கத்தியேவிட்டேன்.

"பயந்துக்கிட்டுதான் அண்ணாச்சி வரல. நான் செஞ்சது குத்தமோ என்னவோன்னு."

பாய் அவனைத் தன் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த புது மெத்தையில் உட்காரவைத்தார். அவன் தயங்கித் தயங்கி விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

கப்பல் காத்திருக்கவில்லை. இவனை மட்டும் துணைக்கு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அடுத்த துறைமுகமான அமோய்க்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் அய்யூப் இறந்தான். அங்கே பிணத்தை எரிப்பதுதான் வழக்கம். இவன் முஸ்லிம் என்று சொன்னதும், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருந்த குவோ என்கிற குமாஸ்தா முன்னால் வந்தார். தன்னுடைய பாட்டன் பூட்டனெல்லாம் இந்தப் பையனுடைய ஆட்கள்தான், எங்கள் கிராமத்தில் அடக்கம் பண்ணலாம் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னாராம். கழிமுகத்துக்கு அக்கரையில் கிராமம்.

"பொம்பளைக கொண்டையைச் சுத்தி வட்டமா பூ வெச்சிருந்தாகய்யா துறைமுகத்துப் பக்கம், நம்ம ஆண்டாளுக்கு வெப்பாகளே அந்த மாதிரி. அதைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு. அக்கரைக்குப் போனோம். அவிய வீட்டு அடுப்படியில பன்னிக்கறி இருந்துச்சு. நம்ம பிள்ளையைக் கொண்டாந்ததும் அதைத் தூக்கி வெளிய வெச்சாக. எதுக்குன்னு அவியளுக்கே தெரியல, எழவுன்னா அப்பிடித்தான் செய்வோம்னாக. வென்னி வெச்சு மெதுவா, வலிக்குமோங்கற மாதிரி குளிப்பாட்டுனாக. நானும் தண்ணி ஊத்துனேன். வெள்ளைத் துணி சுத்துனாக. ஒரு பழைய குர்ஆனைக் கொண்டாந்து தலைமாட்டுல வெச்சாக. ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒரு கெழவரு அதைத் தடவித் தடவிப் பாத்துட்டு அழுதாரு."

பாய் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தொழுகை?" என்றார்.

"பட்டணத்துப் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்புனாகய்யா. அன்னிக்குன்னு பெரிய புயல். ரோடெல்லாம் தண்ணி. போனவரும் வரல, கூட்டியாறவும் முடியல. பொழுது விழப்போவுது, இனி வெக்கமுடியாதுன்னாக. அம்புட்டுப் பேரும் என்னையவே பாத்தாக. கூட்டாளி நீதானே, நீ செய்யின்னு."

"நீ என்ன செஞ்ச?"

"கப்பல்ல அய்யூப் அன்னாடம் தொழுவான்ல. நான் பக்கத்துப் படுக்கையில கெடந்து பாப்பேன். அதுதான் எனக்குத் தெரியும். கையக் காதுகிட்டக் கொண்டுபோயி கெட்டிக்கிட்டேன். குனிஞ்சேன். ஈரமண்ணுல நெத்தியை வெச்சேன். எனக்குப் பின்னால அந்த ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் நான் செஞ்சதையே செஞ்சாக. மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாதுய்யா. உள்ளுக்குள்ள அய்யூப்பு அய்யூப்புன்னு மட்டும் சொன்னேன். குத்தம்னா மன்னிச்சிருங்க."

குனிஞ்சேன், நெத்தியை வெச்சேன் என்று அவன் சொன்ன மாத்திரத்தில் பாயின் முகத்தைப் பார்த்தேன். விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

"நெத்தியில மண்ணு ஒட்டுச்சாய்யா?"

"ஒட்டுச்சுங்கய்யா. மழை ஈரமால்ல கெடந்துச்சு."

"நல்லாச் செஞ்ச. நல்லாச் செஞ்ச" என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். சோறு போட்டு அனுப்பிவைத்தார்.

அவன் போனபிறகு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அழுதார். ரஹ்மத்துன்னிசா போனபோதுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "அது ஜனாஸா இல்ல சமுத்திரம். இம்புட்டு வருஷமா ஒருத்தன் ஒருத்தன்னு தேடுனேன். ஒருத்தன் நின்னுருக்கான். அவனுக்குத் தெரியலையே" என்றார். அத்தனை பெரிய ஊர், அத்தனை கப்பல், அத்தனை மீசான் கல், கடைசியில் தொழுவிக்க நின்றவன் தேவதானத்துப் பொன்னுராஜ். யாரைத் திட்டுவது?

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காயலுக்குப் போவோம். இனி எனக்கு என்ன இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "அவன்கிட்ட இதைச் சொல்லிறாத. அவன் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனோம். பொன்னுராஜையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. குளிப்பாட்டி அடக்கியதைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தானே. காயல்பட்டினமும் ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்து, மண் அடித்துக் கடல் விலகிப்போன ஊர்தான் என்று பாய் பஸ்ஸில் சொன்னார். அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட கடைசி துறைமுகக் கதை அது. பள்ளிவாசலில் பெரியவர் கேட்டார், பொன்னுராஜ் சொன்னான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஜனாஸா வைக்கிறோம் என்றார்கள்.

நானும் பொன்னுராஜும் செருப்புப் போடுகிற இடத்தில் நின்றோம். கதவு திறந்தே இருந்தது. ஜும்ஆவில் எல்லோரும் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்ததைப் பார்த்ததும் பொன்னுராஜின் முகம் மலர்ந்தது. "இதேதான் அண்ணாச்சி நானும் செஞ்சேன்" என்றான். நான் வேறுபக்கம் பார்த்தேன்.

பிறகு அய்யூப்பின் பேரைச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து வரிசை கட்டினார்கள். நின்றார்கள். நின்றபடியே ஸலாம் சொல்லி முடித்தார்கள். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, யாரும் குனியவே இல்லையே?"

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நெத்தி வெக்கலையே அண்ணாச்சி. அப்போ நான் அங்க..."

உள்ளே பாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார். பக்கத்திலிருந்த ஒருவர் பதறி, "பாய், இந்தத் தொழுகைக்குச் சுஜூது கிடையாதே" என்றார்.

பாய் வெகுநேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

"தெரியும். எம்பிள்ளைக்கு மொதல்ல தொழுதவுக இப்பிடித்தான் தொழுதாக."